படத் தொழிலில் இரு வகை மென்பொருள்கள்: எது எதற்கு?

நமது வணிகப் பெருமக்களில் ஸ்டுடியோவும் கலர் லேபும் நடத்துவோர் ஒரு பகுதியினர். ஆனால் இன்று மளிகைக்காரரும் படம் எடுக்க வேண்டியவராகிவிட்டார். தீபாவளிக்கான விலைப்பட்டியலைப் படத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியிருக்கிறது. தம் சொந்தப் பெயரில் மசாலா, ஊறுகாய், சிறுதானியம் போடுவோர் இணைய விற்பனைத் தளங்களில் பொருளின் படத்தை ஏற்ற வேண்டியிருக்கிறது. இப்படி இறங்குவோரும், புதிதாக ஸ்டுடியோ தொடங்குவோரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "போட்டோஷாப் போடுவதா, லைட்ரூம் போடுவதா?"

இரண்டும் அமெரிக்காவின் அடோபி நிறுவனத்தாருடையவை. ஒரே வேலைக்கு ஒரே கம்பெனி எதற்காக இரண்டு சரக்கு விற்கிறது என்ற ஐயம் எழுவது இயற்கையே. உண்மையில் அவை ஒரே வேலைக்கானவை அல்ல. நம் கடையில் தராசும் இருக்கிறது, பேரேடும் இருக்கிறது. இரண்டில் எது நல்லது என்று யாரும் கேட்பதில்லை. படத் தொழிலிலும் அதே நிலைதான். ஒன்று சரக்கின் மீதே கைவைக்கும் கருவி. மற்றது சரக்கின் கணக்கை வைத்திருக்கும் கருவி. இந்த வேற்றுமை புரியாததால் பணமும் நேரமும் வீணாவது ஒருபுறம் இருக்க, எடுத்த படங்களையே இழந்து நிற்போரும் உண்டு. ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில் போட்டோஷாப். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த தாமஸ் நோல், 1987இல் தம் கணிப்பொறித் திரையில் கறுப்பு வெள்ளைப் படத்தைச் சாம்பல் நிற வேறுபாடுகளுடன் காட்ட எழுதிய சிறு நிரலே இதன் தொடக்கம். திரைப்படத் தந்திரக் காட்சிகள் தயாரிக்கும் நிறுவனத்தில் வேலை பார்த்த அவருடைய சகோதரர் ஜான் நோல் அதை வளர்க்கத் துணை நின்றார். அடோபி நிறுவனம் உரிமம் பெற்று 1990 பிப்ரவரியில் முதல் பதிப்பை வெளியிட்டது. அது மெக்கின்டாஷ் கணிப்பொறிகளில் மட்டுமே ஓடியது. விண்டோஸுக்கு வந்தது அதற்குப் பின்னரே. நம் ஸ்டுடியோக்காரர்கள் போட்டோஷாப்பைத் திறக்கும்போது தோன்றும் பெயர் வரிசையில் சீதாராமன் நாராயணன் என்ற பெயரைப் பல ஆண்டுகள் பார்த்திருப்பார்கள். விண்டோஸில் இதை ஓட வைத்த பணியில் முக்கியப் பங்கு அவருடையது. நம்மூர்ப் பெயர் என்று பலரும் மகிழ்ந்ததுண்டு.

போட்டோஷாப் படத்தைப் பார்க்கும் விதம் இதுதான். கணிப்பொறிக்குப் படம் என்பது கோடிக்கணக்கான சிறு புள்ளிகள். 24 மெகாபிக்சல் கேமராவின் ஒரு படத்தில் ஏறக்குறைய 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம். போட்டோஷாப் அந்தப் புள்ளிகளையே மாற்றுகிறது. மணமக்களுக்குப் பின்னால் தெரியும் மின்கம்பத்தை அழிப்பது, கிழிந்துபோன தாத்தா படத்தை ஒட்டுவது, பொருளைப் பின்னணியிலிருந்து வெட்டி எடுத்து வேறு பின்னணியில் வைப்பது, எழுத்துகள் சேர்த்து நோட்டீஸ் ஆக்குவது ஆகிய யாவும் இதன் வேலை. 1994இல் வந்த 3ஆம் பதிப்பில் அடுக்குகள் என்ற வசதி சேர்ந்தது. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது போல, ஒன்றில் படம், ஒன்றில் எழுத்து, ஒன்றில் நிழல். ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடாது. இன்றுவரை அந்த மென்பொருளின் உயிர்நாடி அதுவே.

ஆனால் இது ஒவ்வொரு படமாக உட்கார்ந்து பார்க்கும் வேலை. ரோல் பிலிம் காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம். எண்ணித்தான் கிளிக் செய்தார்கள். இன்று ஒரு திருமணத்துக்கு இரண்டு கேமராமேன் சென்றால் 3,000 படம் சாதாரணம். படம் ஒன்றைத் திறந்து, வெளிச்சம் சரிசெய்து, வெட்டி, சேமித்து மூட மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் 9,000 நிமிடம். அதாவது 150 மணி நேரம். நாளுக்குப் பத்து மணி நேரம் வேலை செய்யும் ஆளுக்கு இது பதினைந்து நாள் கூலி. அதற்குள் அடுத்த முகூர்த்தம் வந்துவிடும். ஒரே மாற்றத்தைப் பல படங்களுக்குத் தானாகச் செய்யும் வசதி போட்டோஷாப்பிலும் உண்டு என்பது உண்மை. ஆனால் 3,000 படத்தில் எது நல்லது, எது கண் மூடியது, எது யாருக்கு உரியது என்ற கணக்கை அது வைத்துக்கொள்வதில்லை.

அந்த இடத்தில்தான் இரண்டாம் வகை வந்தது. ஆப்பிள் நிறுவனம் 2005இல் அபெர்ச்சர் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. அடோபி 2006 ஜனவரியில் லைட்ரூமைச் சோதனைக்கு விட்டு, 2007 பிப்ரவரியில் முதல் பதிப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டென்மார்க்கின் கேப்சர் ஒன் என்பதும் இதே வகையைச் சேர்ந்தது. இவற்றைப் பணியோட்ட மென்பொருள் என்கிறார்கள். கேமராவின் அட்டையிலிருந்து படம் இறங்குவது முதல் வாடிக்கையாளர் கைக்குப் போவது வரை உள்ள வேலை வரிசை முழுவதையும் ஒரே இடத்தில் நடத்துவது என்று பொருள்.

பருப்பு வியாபாரிக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. மூட்டை வந்ததும் முதலில் என்ன செய்கிறோம்? சலிக்கிறோம், கல் பொறுக்குகிறோம், முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிக்கிறோம், எந்த மூட்டை எந்த அடுக்கில் என்று எழுதி வைக்கிறோம். லைட்ரூமிலும் அப்படித்தான். படத்தைப் பெரிதாகக் காட்டும். நல்லதென்றால் ஒரு விசை, கழிவென்றால் ஒரு விசை, பிறகு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம். பழகிய கை 3,000 படத்தை ஒரே பகலில் 500 ஆகப் பொறுக்கிவிடும். பிறகு முகூர்த்தம், வரவேற்பு, பெண் வீட்டார் என்று குறிச்சொல் சேர்த்து வைத்தால், மூன்று வருடம் கழித்து ஒருவர் "எங்கள் பாட்டி படம் இருக்கிறதா?" என்று கேட்டு வந்தாலும் நொடியில் எடுத்துத் தரலாம். ஒரே மேடை, ஒரே விளக்கில் எடுத்த 200 படத்தில் ஒன்றைச் சரிசெய்து, அந்த அளவுகளை மற்ற 199க்கும் ஒரே தட்டில் ஏற்றலாம்.

இன்னொரு விஷயமும் இங்கே சொல்ல வேண்டும். நல்ல கேமராக்கள் ஜேபெக் என்ற சாதாரணக் கோப்பைத் தவிர, ரா கோப்பு என்ற ஒன்றையும் தரும். அது கழுவாத பிலிம் போன்றது. ஜேபெக்கில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகளே உண்டு. 14 பிட் ரா கோப்பில் 16,384 படிநிலைகள். அதனால்தான் இருட்டாகப் போன முகத்தை ரா கோப்பிலிருந்து மீட்க முடிகிறது. ஜேபெக்கில் அதே வேலையைச் செய்தால் படம் திட்டுத் திட்டாகிவிடுகிறது. பணியோட்ட மென்பொருள்கள் இந்த ரா கோப்புகளைக் கூட்டமாகக் கழுவுவதற்கென்றே பிறந்தவை.

கை படாத சரக்கு

இப்போது கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். லைட்ரூம் மூலப் படத்தின் புள்ளிகளைத் தொடுவதே இல்லை. வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு, இங்கே வெட்டு, மஞ்சளைக் குறை என்று நீங்கள் செய்யும் ஒவ்வொன்றையும் குறிப்பாக மட்டும் எழுதி வைக்கிறது. அந்தக் குறிப்புகள், நட்சத்திரங்கள், குறிச்சொற்கள், எந்தப் படம் எந்த வன்தட்டில் எந்த அடைவில் உள்ளது என்ற விவரம் எல்லாம் ஒரே கோப்பில் சேர்கின்றன. கேட்டலாக் என்கிறார்கள். நம் மொழியில் பேரேடு. வாடிக்கையாளருக்குப் படம் தர வேண்டும் என்றபோதுதான் மூலத்தையும் குறிப்பையும் சேர்த்துப் புதிய ஜேபெக் ஒன்றை அது உண்டாக்குகிறது. மூலம் கிட்டங்கியில் வைத்த மூட்டையாக அப்படியே கிடக்கும். பத்து வருடம் கழித்தும் திருத்தங்களை நீக்கி முதலிலிருந்து தொடங்கலாம். போட்டோஷாப்பில் அடுக்குகளைச் சேர்த்து ஒன்றாக்கி, பழைய கோப்பின் மேலேயே சேமித்துவிட்டால் போனது போனதுதான்.

நல்ல ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. லைட்ரூம் திரையில் படங்கள் வரிசையாகத் தெரிவதால், படங்கள் லைட்ரூமுக்குள் இருக்கின்றன என்று புதியவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். இல்லை. பேரேட்டில் "துவரம் பருப்பு 40 மூட்டை" என்று எழுதியிருப்பதால் பேரேட்டுக்குள் பருப்பு இருப்பதாகுமா? வன்தட்டில் இடம் போதவில்லை என்று ஒருவர் பழைய அடைவுகளை அழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "லைட்ரூமில்தான் இருக்கிறதே" என்பது அவர் எண்ணம். சிறிய பிம்பங்கள் திரையில் தெரிந்துகொண்டேயிருக்கும். ஆல்பத்துக்குப் பெரிய அளவில் எடுக்கப் போகும் நாளில்தான் மூலக் கோப்பைக் காணவில்லை என்று அது சொல்லும். ஒரு குடும்பத்தின் திருமணத்தை மறுபடி நடத்திப் படம் எடுக்க முடியாது.

இதே பள்ளத்தின் மறுபக்கம்: லைட்ரூமை மூடும்போது "காப்புப் பிரதி எடுக்கவா?" என்று கேட்கிறது. சரி என்று அழுத்திவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள். அது எடுக்கும் பிரதி பேரேட்டுக்கு மட்டுமே. படங்களுக்கு அல்ல. படங்களை நாம்தான் தனியாக வேறு வன்தட்டில் பிரதி எடுக்க வேண்டும். 3,000 ரா கோப்பு, ஒன்று 25 மெகாபைட் என்றால் ஒரு திருமணத்துக்கே 75 ஜிகாபைட். இந்தச் செலவையும் சேர்த்துத்தான் ஸ்டுடியோக்காரர் கூலி சொல்ல வேண்டும், பலர் சேர்ப்பதில்லை.

அடைவின் பெயரை மாற்றுவதும், வேறு தட்டுக்கு நகர்த்துவதும் லைட்ரூமுக்குள் இருந்தே செய்ய வேண்டும். வெளியில் செய்தால் பேரேட்டில் ஒரு விலாசம், சரக்கு வேறு விலாசம் என்று ஆகி, கேள்விக்குறியோடு நிற்கும். இது தேடிச் சரிசெய்யக்கூடிய சங்கடம்தான். அழித்தது போன்ற பெரிய நஷ்டம் இல்லை.

பேரேடு யார் கையில்?

நம் கணக்கை வேறொருவர் பூட்டிய பெட்டியில் வைத்தால் என்ன ஆகும் என்பது வியாபாரிக்குத் தெரியும். அபெர்ச்சர் விஷயத்தில் அதுதான் நடந்தது. ஆயிரக்கணக்கில் படம் எடுக்கும் தொழில்முறைக் கலைஞர்கள் அதை நம்பிப் பல வருட வேலையை அதில் வைத்திருந்தார்கள். 2014 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் அதை மேற்கொண்டு வளர்ப்பதில்லை என்று அறிவித்தது. 2015இல் விற்பனை நின்றது. 2019இல் வந்த மெக் இயங்குதளத்தில் அது ஓடவே இல்லை. மூலப் படங்களுக்கு ஒரு கேடும் வரவில்லை என்பது உண்மை. ஆனால் செய்த திருத்தங்கள்? அடோபி ஒரு மாற்றுக் கருவியைக் கொடுத்தது. நட்சத்திரம், குறிச்சொல் போன்றவை அதன் வழியாக லைட்ரூமுக்கு வந்தன; வெளிச்சம், வண்ணத் திருத்தங்கள் வரவில்லை. ஆப்பிளின் போட்டோஸ் மென்பொருளுக்கு மாறியவர்களுக்கு நட்சத்திரங்கள் வெறும் குறிச்சொற்களாகிவிட்டன. காரணம் எளிது. ஒரு கம்பெனியின் "வெளிச்சம் 20 கூட்டு" என்பது மற்றொரு கம்பெனிக்குப் புரியாது. ஒவ்வொருவரின் தராசும் வேறு, படிக்கல்லும் வேறு.

இதற்கு முழுப் பரிகாரம் இல்லாவிட்டாலும் முன்னெச்சரிக்கை உண்டு. வாடிக்கையாளருக்குக் கொடுத்து முடித்த படங்களை முழு அளவு ஜேபெக்காகவோ டிஃப் கோப்பாகவோ எடுத்துத் தனியே வைத்துவிட வேண்டும். அது எந்த மென்பொருளிலும் திறக்கும். இரண்டாவது, லைட்ரூம் கிளாசிக்கில் குறிப்புகளைப் பேரேட்டில் மட்டுமன்றி, ஒவ்வொரு ரா கோப்பின் பக்கத்திலும் எக்ஸ்எம்பி என்ற சிறு துணைக் கோப்பாக எழுதி வைக்கும் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் பேரேடு கெட்டுப்போனாலும் பெரும்பாலான வேலை மூட்டையோடு கட்டிய சீட்டாகத் தப்பிக்கும்.

வாடகை விஷயமும் இதோடு சேர்ந்ததே. அடோபி 2013 முதல் போட்டோஷாப்பின் புதிய பதிப்புகளை விலைக்கு விற்பதை விட்டுச் சந்தாவுக்கு மாறியது. லைட்ரூமில் 2015இல் வந்த 6ஆம் பதிப்பே ஒரே முறை பணம் கட்டி வாங்கக்கூடியதாக இருந்த கடைசிப் பதிப்பு. சந்தா நின்றால் என்ன? போட்டோஷாப் வேலை செய்யாது. லைட்ரூம் கிளாசிக் திறக்கும். படங்களைப் பார்க்கலாம், தேடலாம், வெளியே எடுக்கலாம். ஆனால் திருத்தும் பகுதி பூட்டிவிடும். கிட்டங்கிக்குள் போகலாம், சரக்கை வெளியே எடுக்கலாம், தரம் பிரிக்கும் மேடை மட்டும் இல்லை என்பது போல. இந்த மட்டிலும் இது நியாயமான ஏற்பாடு என்றே நாம் கருதுகிறோம்.

வாங்கும்போது பெயரிலும் கவனம் வேண்டும். 2017 முதல் லைட்ரூம் என்ற பெயரில் இரண்டு சரக்கு இருக்கிறது. கிளாசிக் என்பது நம் வன்தட்டில் படங்களை வைத்து வேலை செய்வது. மற்றது மூலப் படங்களை இணையத்தில் உள்ள நிறுவனத்தின் கணிப்பொறிகளில் சேமிப்பதை அடிப்படையாகக் கொண்டு பிறந்தது. மாதம் பத்துத் திருமணம் செய்யும் ஸ்டுடியோவுக்கு இணைய இடமும் வேகமும் கட்டுப்படியாவது கடினம்.

இரு வகைக்கும் நடுவே இருந்த வரப்பு இப்போது தேய்ந்துவருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். லைட்ரூமில் வானத்தை மட்டும், ஆளை மட்டும் தானாகப் பிரித்தெடுத்துத் திருத்தும் வசதி 2021இல் வந்தது. முகப்பரு, தூசு ஆகியவற்றையும் அதிலேயே நீக்கலாம். போட்டோஷாப்பிலோ ரா கோப்பைக் கழுவும் பகுதி 2003 முதல் இருக்கிறது. ஆயினும் இரண்டு படத்தை ஒன்றாக்குவது, எழுத்து வைப்பது, அச்சுக்கு நோட்டீஸ் தயாரிப்பது என்றால் இன்றும் திருத்து மென்பொருளிடம்தான் போக வேண்டும். ஆகவே ஸ்டுடியோக்காரர்கள் 500 படத்தை லைட்ரூமில் முடித்து, ஆல்பத்தின் முகப்புக்கான பத்துப் பதினைந்தை மட்டும் போட்டோஷாப்புக்கு அனுப்புகிறார்கள். அதுவே சரியான பங்கீடு.

நம் கடைக்கு எது?

மளிகைக் கடைக்காரருக்கு இவ்வளவும் வேண்டுமா என்றால், வேண்டாம். மாதம் பத்துப் படம் வாட்ஸ்அப்பில் போடுபவருக்குக் கைபேசியில் உள்ள வசதியே போதும். ஆனால் நாற்பது, ஐம்பது வகை மசாலாப் பொட்டலத்தைத் தம் பெயரில் விற்பவர் நிலை வேறு. அவருக்கு முதல் தேவை ஒரே சீரான வண்ணம். ஒரு படத்தில் மஞ்சள்தூள் ஆரஞ்சாகவும் அடுத்ததில் பச்சை ஓடியும் தெரிந்தால் வாங்குபவர் கலப்படம் என்றே நினைப்பார். மிளகாய்த் தூளுக்கும் இதே கதி. கடைக் குழல்விளக்கும் வாசல் வெயிலும் கலந்து விழும் இடத்தில் எடுப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். ஒரே வெளிச்சத்தில் எல்லாப் பொட்டலத்தையும் எடுத்து, முதல் படத்தில் பொட்டலத்தின் பக்கத்தில் சாம்பல் நிற அட்டை ஒன்றை வைத்துக்கொண்டால், பணியோட்ட மென்பொருளில் அந்த அட்டையின் மீது ஒருமுறை தட்டி வெண்மையைச் சரிசெய்து, அதையே ஐம்பது படத்துக்கும் ஏற்றிவிடலாம். போட்டோஸ்டாட் கடையில் கிடைக்கும் வெறும் சாம்பல் தாளில் வண்ணச் சாயல் கலந்திருக்கும். கேமராக் கடையில் இதற்கென்றே விற்பதை வாங்குவது நல்லது.

பின்னணியை வெட்டி எடுப்பது திருத்து மென்பொருளின் வேலை. அமேசான் போன்ற தளம் பொருளின் முதன்மைப் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணி கேட்கிறது. வெள்ளை என்று நம் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் இளஞ்சாம்பலாகவே படத்தில் விழும். இந்த ஒரு வேலைக்காகச் சந்தா கட்ட வேண்டியதில்லை. கிம்ப் என்ற இலவசத் திருத்து மென்பொருள் 1996 முதல் புழக்கத்தில் உள்ளது. பணியோட்ட வகையில் டார்க்டேபிள், டிஜிகேம் ஆகியவை இலவசம். பழக்கத்துக்கு வரச் சற்று நாளாகும். சொல்லிக்கொடுக்க ஆளும் எளிதில் கிடைக்கமாட்டார். வீட்டில் கல்லூரிப் பிள்ளை இருந்தால் பாதி வேலை முடிந்தது. திருட்டுப் பிரதி மலிவாகக் கிடைக்கிறது என்று போட்டுக்கொள்வோருக்கு ஒரு வார்த்தை: அதோடு வரும் வைரஸ் படத்தை மட்டும் பிடிக்காது, அதே கணிப்பொறியில் உள்ள ஜிஎஸ்டி கணக்கையும் சேர்த்தே பிடிக்கும்.

வெளியாரிடம் கொடுத்துப் பொருள்களைப் படம் எடுக்கச் செய்வோர், கூலி பேசும்போதே சிலவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். முடிந்த படங்கள் முழு அளவில் நம் கைக்கு வர வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பியது முழு அளவு ஆகாது, அனுப்பும்போதே அது சுருங்கிவிடும். பொட்டல அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், நான்குக்கு ஆறு அங்குலப் படத்துக்கு 1200க்கு 1800 புள்ளி வேண்டும். பின்னணி நீக்கிய படங்களுக்கு அடுக்கு கலைக்காத கோப்பையும் கேட்டு வாங்குங்கள். எடை 200 கிராமிலிருந்து 250 ஆக மாறும்போது எழுத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், மறுபடி படம் எடுக்க வேண்டியிராது. ரா கோப்புகளைத் தருவது ஸ்டுடியோக்காரரின் விருப்பம். தராவிட்டால் எத்தனை வருடம் வைத்திருப்பார் என்று கேட்டுத் தேதியோடு ரசீதிலேயே குறித்துக்கொள்ளலாம்.